இரண்டு சர்வர், ஒரு ஸ்டோரேஜ்: ஃபென்சிங்கை அணைத்துவிட்டு கிளஸ்டரை ஓட்டலாமா?

தறிநாடா:

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சர்வர், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். ஈஆர்பி மென்பொருளின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதுவரை ஒற்றை சர்வரில் ஓடியது. அதன் மதர்போர்டு போய் டெஸ்பாட்ச் நின்ற பிறகுதான் முதலாளி இரண்டு புது சர்வரும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியும் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு சர்வர் (நோடு) போனால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் இது. இரண்டிலும் ஆல்மா லினக்ஸ் 9, சர்வீஸ்களை நகர்த்தும் பேஸ்மேக்கர், நோடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கோரோசிங்க். ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர். ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்கைத் தரும் முறை) வழியாக ஒரு லன், அதாவது ஸ்டோரேஜ் வெட்டித் தரும் டிஸ்க், இரண்டு சர்வருக்கும் தெரிகிறது. அதன் மேல் டிஸ்கை வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம், அதற்கு மேல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். சேர்ந்து நகர வேண்டிய ரிசோர்ஸ் குரூப்பில் எல்விஎம், ஃபைல்சிஸ்டம், மிதக்கும் ஐபி (டேட்டாபேஸோடு நகரும் முகவரி), போஸ்ட்கிரெஸ் என்ற வரிசை.

முதலில் எந்த ரிசோர்ஸும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டோனித் (பதில் தராத நோடை வலுக்கட்டாயமாக ஒதுக்கும் ஃபென்சிங்) டிவைஸ் எதுவும் இல்லை என்று லாக்கில் வந்துகொண்டே இருந்தது. இணையத்தில் பார்த்தால் பாதிப் பேர் ‘ஸ்டோனித்-எனேபிள்ட்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டதும் எல்லாம் எழுந்துவிட்டது. ஒரு நோடை ஸ்டாண்ட்பையில் போட்டால் டேட்டாபேஸ் அழகாக அடுத்ததற்குப் போகிறது. இப்படியே புரொடக்‌ஷனுக்குக் கொண்டு போகலாமா?

கம்பிவால்:

நானும் ஸ்டோனித் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். நோடுகள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் ஹார்ட்பீட்டுக்கு இரண்டு தனித்தனி கேபிள் போட்டுவிடுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். ஸ்டோனித் எல்லாம் பெரிய டேட்டாசென்டர்காரர்களுக்கு.

ராப்பணி:

வேண்டாம். கம்பிவால் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் கேபிள் எண்ணிக்கை இங்கே விஷயமே இல்லை.

ஸ்டாண்ட்பை சோதனையில் இரண்டு நோடும் உயிரோடு, ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இருக்கின்றன. முதல் நோடு டேட்டாபேஸை ஒழுங்காக நிறுத்தி, டிஸ்கை அன்மவுன்ட் செய்து, ‘நான் விட்டுவிட்டேன்’ என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது எடுக்கிறது. நிஜத்தில் கோளாறு வரும்போது முதல் நோடு எதுவும் சொல்லாது. சத்தமில்லாமல் போய்விடும். இரண்டாவது நோடுக்குத் தெரிவதெல்லாம் ‘பதில் வரவில்லை’ என்பது மட்டும்தான். பதில் வராததற்குக் காரணம் மின்சாரம் போனதாக இருக்கலாம், கெர்னல் உறைந்ததாக இருக்கலாம், சுவிட்ச் செத்ததாக இருக்கலாம், மெமரி நெருக்கடியில் கோரோசிங்க் மட்டும் திணறிக்கொண்டிருக்கலாம். இந்த நான்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். முதல் வகையில் டிஸ்கைத் தொடலாம். மற்றவற்றில் தொட்டால் எக்ஸ்எஃப்எஸ் காலி.

மூன்று நோடு இருந்தால் பெரும்பான்மைக் கணக்கு உதவும்: இரண்டு பேர் ஒரு பக்கம் இருந்தால் தனியாக நிற்பவன் ஒதுங்கிக்கொள்வான். இரண்டு நோடில் பிரிந்தால் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதனால்தான் கோரோசிங்கில் ‘டூ_நோடு: 1’ என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் தனியாக நிற்கும் நோடும் தனக்குக் கோரம் (செயல்படத் தேவையான ஓட்டு) இருக்கிறது என்றே நினைக்கும். இரண்டு பக்கமும் அப்படியே நினைக்கும். அந்த இடத்தில் யார் உயிரோடு இருக்கலாம் என்று தீர்ப்பது ஃபென்சிங் ஒன்றுதான். அதையும் அணைத்துவிட்டால் தீர்ப்பதற்கு ஆளே இல்லை.

வார்த்தையில் நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஸ்டோரேஜில் சின்னதாக ஒரு டெஸ்ட் லன் வெட்டி, அதே மாதிரி ஒரு குரூப் போட்டு, ஆக்டிவ் நோடில் கோரோசிங்க் புராசஸுக்கு ‘கில் -ஸ்டாப்’ சிக்னல் அனுப்புங்கள். கேபிள் எதையும் கழற்ற வேண்டாம். கம்பிவால் சொன்ன இரண்டு கேபிளும் அப்படியே இருக்கட்டும்.

தறிநாடா:

செய்து பார்த்தேன். டெஸ்ட் லன்தான், நிஜ டேட்டா எதுவும் இல்லை.

கோரோசிங்கை உறைய வைத்த சில விநாடிகளில் இரண்டாவது நோடு ‘முதல் நோடு ஆஃப்லைன்’ என்று காட்டி, குரூப்பை எடுத்துக்கொண்டது. சரி என்று முதல் நோடின் டெர்மினலுக்குப் போய் ‘மவுன்ட்’ அடித்தேன். அங்கேயும் அதே ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகியே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது. நான் ஏற்கெனவே ஓடவிட்டிருந்த இன்சர்ட் ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் சொல்லாமல் எழுதிக்கொண்டே போகிறது. இரண்டாவது நோடிலும் போஸ்ட்கிரெஸ் எழுந்து ரெக்கவரி முடித்து எழுதத் தயாராக நிற்கிறது. மூன்றாவது கணினியிலிருந்து ‘ஏஆர்பிங்’ (இந்த ஐபி யாரிடம் என்று கேட்கும் கட்டளை) போட்டால் மிதக்கும் ஐபிக்கு இரண்டு மேக் முகவரியிலிருந்து, அதாவது இரண்டு சர்வரிலிருந்தும், பதில்.

கொஞ்ச நேரத்தில் முதல் நோடின் கெர்னல் லாக்கில் மெட்டாடேட்டா கெட்டுவிட்டது என்று செய்தி வந்து எக்ஸ்எஃப்எஸ் தானே மூடிக்கொண்டது. இரண்டிலும் அன்மவுன்ட் செய்துவிட்டு ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்’ ஓட்டினால் திரை முழுக்கப் பிழை.

இது ஈஆர்பி டேட்டாவாக இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கேள்விக்குறி:

ஒரு அடிப்படைச் சந்தேகம். போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டரில் ‘போஸ்ட்மாஸ்டர்.பிட்’ என்று ஒரு பூட்டுக் கோப்பு இருக்கிறதே, அது தடுக்காதா? எல்விஎம் சிஸ்டம் ஐடி (வால்யூம் எந்த சர்வருக்குச் சொந்தம் என்ற குறி) போட்டிருந்தால்?

ராப்பணி:

நல்ல கேள்வி. அந்தக் கோப்பில் இருப்பது புராசஸ் எண். அந்த எண்ணில் இந்த சர்வரில் யாராவது ஓடுகிறார்களா என்றுதான் போஸ்ட்கிரெஸ் பார்க்கும். பக்கத்து சர்வரில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. பழைய கோப்பு கிடக்கிறது என்று ஒதுக்கிவிட்டு எழுந்துவிடும்.

எல்விஎம் சிஸ்டம் ஐடி கட்டாயம் போடுங்கள். பூட் ஆகும்போது இரண்டு நோடும் தன்னிச்சையாக வால்யூமை ஆக்டிவேட் செய்வதையும், நாம் கை தவறி மவுன்ட் செய்வதையும் அது தடுக்கும். ஆனால் ஃபெயில்ஓவர் (வேலை மற்ற நோடுக்கு மாறுவது) நடக்க வேண்டுமானால் செத்த நோடின் உரிமையை மற்றது எடுத்துத்தானே ஆக வேண்டும்? செத்ததா இல்லையா என்பதுதான் கேள்வியே. அதற்கு எல்விஎம்மிடம் பதில் இல்லை.

எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 இரண்டுமே ‘இந்த டிஸ்க் எனக்கு மட்டும்தான்’ என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஈஎக்ஸ்டி4-இல் எம்எம்பி என்று ஒரு பாதுகாப்பு உண்டு, இன்னொருவர் மவுன்ட் செய்திருக்கிறாரா என்று பார்க்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அதுவும் இல்லை. ஒரு நோடு டிஸ்கில் எழுதியதை மற்றதன் மெமரியில் இருக்கும் கேஷ் அறியாது.

கம்பிவால்:

அப்படியானால் ஜிஎஃப்எஸ்2 போட்டுவிடலாமே? இரண்டு நோடும் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்யலாம், சண்டையே வராது.

ராப்பணி:

ஜிஎஃப்எஸ்2 ஓட நோடுகளுக்கு இடையே பூட்டுகளை நிர்வகிக்கும் டிஎல்எம் வேண்டும். ஒரு நோடு தொலைந்தால் ஃபென்சிங் முடிந்து உறுதி வரும்வரை டிஎல்எம் பூட்டுகளை விடாது, ஃபைல்சிஸ்டம் அப்படியே நிற்கும். ஃபென்சிங்கிலிருந்து தப்பிக்க ஜிஎஃப்எஸ்2-க்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. அங்கே அது இன்னும் கட்டாயம். அதோடு ஒரே டேட்டா ஃபோல்டரில் இரண்டு போஸ்ட்கிரெஸ் ஓடவே முடியாது. வெறும் சிக்கல்தான் கூடும்.

பழையடிஸ்க்:

இந்த விவாதம் 1997-லேயே இருந்தது தம்பிகளா. விண்டோஸ் என்டி 4.0 என்டர்பிரைஸ் எடிஷனோடு மைக்ரோசாஃப்ட் தன் முதல் கிளஸ்டரைக் கொண்டுவந்தது. ‘உல்ஃப்பேக்’ என்று சங்கேதப் பெயர். அதிகபட்சம் இரண்டே நோடு. நடுவில் டிஸ்கை இணைக்கும் ஒரு ஸ்கஸி பஸ், இரண்டு முனையிலும் டெர்மினேட்டர். இரண்டு சர்வரின் ஸ்கஸி கார்டும் கம்பெனியிலிருந்து வரும்போதே ஐடி 7-ஆகத்தான் இருக்கும். ஒன்றை 6-ஆக மாற்றாமல் கேபிளைச் செருகினால் டிஸ்க் எதுவும் தெரியாது, மணிக்கணக்கில் தேடுவார்கள். யார் உயிரோடு என்று தீர்க்க கோரம் டிஸ்க் ஒன்று இருந்தது. ஸ்கஸி ரிசர்வேஷனை (டிஸ்கைத் தனக்கென ஒதுக்கிக்கொள்வது) யார் பிடித்து வைத்திருக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். மற்றவன் ஒதுங்க வேண்டியதுதான்.

கேபிள் மாறியது, பெயர்கள் மாறின. டிஸ்கிடமே நியாயம் கேட்பது மட்டும் மாறவில்லை.

நீலத்திரை:

விண்டோஸ் பக்கம் இருப்பவன் நான். பழையடிஸ்க் சொன்னதன் தொடர்ச்சிதான் இப்போதும். விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன். கிளஸ்டரைக் கட்டும் முன்னால் ஓட்டும் வேலிடேஷன் சோதனையே ஸ்டோரேஜ் இதை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்கும். மலிவான நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டிகள் பல அங்கேதான் தோற்கும். மூன்றாவது ஓட்டுக்கு டிஸ்க் விட்னஸ் வைக்கலாம், 512 எம்பி போதும். அல்லது ஃபைல் ஷேர் விட்னஸ். 2016-இலிருந்து கிளவுட் விட்னஸும் உண்டு. எங்கள் ஊரில் இதையெல்லாம் விஸார்டு தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். லினக்ஸில் நீங்களாகக் கேட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தறிநாடா:

சரி, ஃபென்சிங் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சர்வரிலும் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் தனிச் சிப்) இருக்கிறது. அதனிடம் ஐபிஎம்ஐ முறையில் பேசும் ‘ஃபென்ஸ்_ஐபிஎம்ஐலேன்’ போட்டால் போதுமா? கவனிக்க வேண்டியது என்ன?

ராப்பணி:

தொடங்க அதுதான் நல்ல வழி. அடிக்கடி கால் தடுக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

‘லேன்பிளஸ்’ (ஐபிஎம்ஐ 2.0 முறை) ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு 20 எழுத்துக்கு மேல் வேண்டாம், ஐபிஎம்ஐ 2.0 அதற்கு மேல் ஏற்காது. பிஎம்சி வெப் பக்கத்தில் நீளமான பாஸ்வேர்டு வேலை செய்கிறதே என்று நம்பினால் ஃபென்சிங்கில் மட்டும் தோற்கும், காரணம் புரியாது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பவர் பட்டனை ‘இக்னோர்’ ஆக்குங்கள். லாகின்ட் அமைப்பில் ஒரே ஒரு வரி. இல்லையென்றால் சில சர்வர்களில் பிஎம்சியின் ‘ஆஃப்’ கட்டளையை லினக்ஸ் மரியாதையான ஷட்டவுனாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சர்வீஸாக நிறுத்த ஆரம்பிக்கும். உறைந்துபோன நோடு என்றால் அதுவும் நடக்காது. நமக்கு வேண்டியது பிளக்கைப் பிடுங்கியது போன்ற உடனடி மரணம்.

அப்புறம், இரண்டு நோடுக்கும் இடையே மட்டும் லிங்க் அறுந்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே நேரத்தில் மற்றதைச் சுடும், அதாவது ஃபென்ஸ் செய்யும். அதிர்ஷ்டம் கெட்டால் இரண்டுமே அணைந்துவிடும். அதற்குத்தான் தாமதம். முதல் நோடைச் சுடும் டிவைஸில் ‘பிசிஎம்கே_டிலே_பேஸ்’ 10 விநாடி என்று வைத்தால், முதல் நோடுக்கு அந்த அளவு சலுகை கிடைக்கும், அது முந்திக்கொள்ளும். இதில் ஒரு குறை: டேட்டாபேஸ் அன்றைக்கு இரண்டாவது நோடில் ஓடிக்கொண்டிருந்தால், வேலை செய்பவனைச் சும்மா இருப்பவன் சுட்டுவிடுவான். பேஸ்மேக்கர் 2.0.4-இலிருந்து ‘பிரையாரிட்டி-ஃபென்சிங்-டிலே’ இருக்கிறது. ரிசோர்ஸுக்கு ஒரு பிரையாரிட்டி கொடுத்தால், அது ஓடும் நோடு எதுவோ அதற்கே சலுகை போகும். உங்களுக்கு அதுதான் சரி.

கேள்விக்குறி:

சுடப்பட்ட நோடு ரீபூட் ஆகி எழுந்து, லிங்க் இன்னும் சரியாகாமல் இருந்தால், அது திரும்ப மற்றதைச் சுடாதா? இப்படியே மாறி மாறிப் போனால்?

ராப்பணி:

போகும். அதைத் தடுக்கத்தான் ‘வெயிட்_ஃபார்_ஆல்’. டூ_நோடு போட்டாலே இது தானாக ஆன் ஆகிவிடும். புதிதாக எழுந்த நோடு மற்றதை ஒருமுறையாவது நேரில் பார்க்கும்வரை தனக்குக் கோரம் இருப்பதாக நினைக்காது, யாரையும் சுடாது, எதையும் ஸ்டார்ட் செய்யாது.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கரன்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, எல்லாம் அணைந்துவிட்டது. கரன்ட் வந்தபோது ஒரு சர்வர் எழவில்லை. எழுந்த சர்வர் மற்றதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும், டேட்டாபேஸ் வராது. அப்போது நேரில் போய், எழாத சர்வரின் இரண்டு பவர் கேபிளையும் கழற்றிவிட்டு, எழுந்ததில் ‘பிசிஎஸ் கோரம் அன்பிளாக்’ கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றாமல் இந்தக் கட்டளையைக் கொடுக்கவே கூடாது. இதை ஒரு தாளில் தமிழில் எழுதி ரேக் கதவில் ஒட்டிவையுங்கள். ராத்திரி போவது நீங்களாக இல்லாமல் வாட்ச்மேனோடு வரும் எலக்ட்ரீஷியனாகக்கூட இருக்கலாம்.

பழையடிஸ்க்:

கரன்ட் பேச்சு வந்ததால் ஒன்று. பெரும்பாலான ஸ்டோரேஜ் பெட்டிகள் சர்வரைவிட மெதுவாக எழும். கரன்ட் வந்ததும் சர்வர்கள் முந்திக்கொண்டு ஐஸ்கஸி லாகின் போட்டுத் தோற்றுவிட்டு, ‘டிஸ்க் இல்லை’ என்று நிற்கும். பூட் ஆனதும் கிளஸ்டர் தானாக ஸ்டார்ட் ஆவதை அணைத்துவையுங்கள். இரண்டு நோடு கிளஸ்டரில் எழுந்த நோடை ஒரு மனிதன் பார்த்துச் சேர்ப்பதுதான் நல்லது. ஒரு நோடு சுடப்பட்டது என்றால் ஏதோ காரணம் இருக்கும். அதைப் பார்க்காமல் மறுபடி உள்ளே விடுவானேன்?

தறிநாடா:

ஐபிஎம்ஐ ஃபென்சிங் போட்டுவிட்டேன். கோரோசிங்கை மறுபடி உறைய வைத்தேன். இந்த முறை இரண்டாவது நோடு முதலில் முதல் நோடை அணைத்தது, அது அணைந்ததை உறுதி செய்த பிறகே வால்யூமைத் தொட்டது. ஒரு நிமிடத்துக்குள் டேட்டாபேஸ் வந்துவிட்டது. ஹார்ட்பீட் கேபிள்களைப் பிடுங்கியும் பார்த்தேன். டேட்டாபேஸ் இருந்த நோடு பிழைத்தது.

ஆனால் ஆக்டிவ் நோடின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கினால் ஃபெயில்ஓவர் நடக்கவே இல்லை! ஃபென்சிங் ஃபெயில் என்று திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கிறது. மதர்போர்டு போனால் தப்பிக்கத்தானே இதையெல்லாம் வாங்கினோம்?

ராப்பணி:

பிஎம்சியும் அதே பவர் சப்ளையில்தான் உயிர் வாழ்கிறது. கேபிளைப் பிடுங்கியதும் பிஎம்சியும் செத்தது. இரண்டாவது நோடு ‘அணைந்துவிட்டாயா’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பதில் இல்லை என்பதைச் சாவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இத்தனை நேரம் பேசியது. அதனால் அது காத்திருக்கிறது; சரியாகத்தான் நடக்கிறது. டேட்டா பத்திரம், சேவை மட்டும் இல்லை.

இதற்கு இரண்டாம் நிலை ஃபென்சிங் வேண்டும். ஐபிஎம்ஐ தோற்றால் அடுத்தது. ஒரு வழி, நெட்வொர்க்கில் கட்டுப்படுத்தக்கூடிய பவர் ஸ்ட்ரிப், அதாவது ஸ்விட்ச்டு பிடியூ. சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை என்றால் இரண்டு சாக்கெட்டையும் ஒரே நிலையில் சேர்த்து அணைக்கச் சொல்ல வேண்டும். ஒன்றை அணைத்துவிட்டு ‘முடிந்தது’ என்று நினைத்துவிடக் கூடாது.

முதலாளி இன்னும் செலவு செய்ய மாட்டார் என்றால் ஸ்டோரேஜிடமே கேளுங்கள். ஒவ்வொரு நோடும் லன்னில் தன் சாவியைப் பதிவு செய்யும். பதிவு செய்தவர் மட்டுமே எழுதலாம் என்று ரிசர்வேஷன். ஒரு நோடு தொலைந்தால் மற்றது அதன் சாவியை லன்னிலிருந்து நீக்கிவிடும். பிறகு உறைந்த நோடு விழித்தெழுந்து எழுத வந்தாலும் ஸ்டோரேஜ் மறுத்துவிடும். உங்களிடம் மல்டிபாத் (ஒரே லன்னுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) இருப்பதால் ‘ஃபென்ஸ்_எம்பாத்’ பாருங்கள். மல்டிபாத் கான்ஃபிக்கில் ரிசர்வேஷன் கீ ஒவ்வொரு நோடிலும் வேறு வேறாக இருக்க வேண்டும். டிவைஸில் ‘புரொவைட்ஸ்=அன்ஃபென்சிங்’ விட்டுப்போனால் நோடு திரும்பி வரும்போது சாவி பதியாது. முதலில் ‘எஸ்ஜி_பெர்சிஸ்ட்’ வைத்து லன்னில் சாவிகள் உண்மையாகவே பதிகின்றனவா என்று பாருங்கள். நீலத்திரை சொன்னது போல, ஆதரவு உண்டு என்று பெட்டியில் எழுதியிருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த வழியில் சுடப்பட்ட நோடு அணையாது, எழுதும் உரிமை மட்டும்தான் போகும். ஐபி இன்னும் அதனிடம் இருக்கலாம். அதனால்தான் இது இரண்டாம் நிலை.

கம்பிவால்:

என் கிளஸ்டரிலும் இன்று டெஸ்ட் லன் வெட்டியிருக்கிறேன். ஒரு கேள்வி: கோரோசிங்க் க்யூடிவைஸ் என்று மூன்றாவது ஓட்டு ஒன்று இருக்கிறதே, அது இருந்தால் ஃபென்சிங் வேண்டாம்தானே?

ராப்பணி:

வேண்டும். க்யூடிவைஸ் ‘யார் ஜெயித்தது’ என்று சொல்லும். தோற்றவன் நின்றுவிட்டானா என்று அதற்குத் தெரியாது. உறைந்த நோடுக்குத் தான் தோற்றதே தெரியாதே. ஆனாலும் போடலாம், இருவரும் ஒருவரையொருவர் சுடும் போட்டி குறையும். அந்த மூன்றாவது ஓட்டைத் தரும் ‘க்யூநெட்டி’ ஓட ஒரு பழைய டெஸ்க்டாப் போதும், டிசிபி 5403 போர்ட் திறந்திருக்க வேண்டும். போட்டால் டூ_நோடு வரி போய்விட வேண்டும்.

நீலத்திரை:

ஐஸ்கஸி பக்கம் யாரும் பேசவில்லையே. ஜம்போ ஃபிரேம் (பெரிய நெட்வொர்க் பாக்கெட்) போட்டிருந்தால் சர்வர், சுவிட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் 9000 இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனால் லாகின் ஆகும், லன் தெரியும், பெரிய கோப்பு எழுதும்போது மட்டும் தொங்கும். துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு 8972 பைட் பிங் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

ராப்பணி:

ஆமாம், விட்டுப்போனது. கூடவே, ஓப்பன்-ஐஸ்கஸியில் ‘ரீப்ளேஸ்மென்ட்_டைம்அவுட்’ சொல்லாமல் விட்டால் 120 விநாடி. மல்டிபாத் இருக்கும்போது ஒரு பாதை அறுந்தால் இரண்டு நிமிடம் வரை காத்திருந்துவிட்டுத்தான் மறு பாதைக்குப் போகும். 5 ஆக்குங்கள். மல்டிபாத்தில் ‘நோ_பாத்_ரீட்ரை’ க்யூ (பாதை திரும்பும்வரை காக்க வைப்பது) என்று இருந்தால், எல்லாப் பாதையும் போன நோடில் அன்மவுன்ட்கூட முடியாமல் தொங்கும். ஸ்டாப் தோற்றால் பேஸ்மேக்கர் அந்த நோடைச் சுட்டு நகர்த்தும், அதனால் பயமில்லை, நேரம்தான் வீண்.

ஃபைல்சிஸ்டம் ரிசோர்ஸின் மானிட்டர் இயல்பாக ‘மவுன்ட் ஆகியிருக்கிறதா’ என்று மட்டும்தான் பார்க்கும். டிஸ்க் போயிருந்தாலும் மவுன்ட் பட்டியலில் பெயர் இருக்கும்! செக் லெவலை 20 ஆக்கினால் ஒரு சின்னக் கோப்பை எழுதிப் பார்க்கும்.

தறிநாடா:

எம்பாத் இரண்டாம் நிலையாகப் போட்டாயிற்று. பவர் கேபிளைப் பிடுங்கினேன்: ஐபிஎம்ஐ தோற்றது, சாவி நீங்கியது, டேட்டாபேஸ் நகர்ந்தது. மெதுவாகத்தான் நகர்கிறது, ஐபிஎம்ஐ தோற்கக் காத்திருக்கும் நேரம். பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. ஸ்டோரேஜ் பெட்டிக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கிறது. இரண்டு கன்ட்ரோலர் இருப்பதால் ஓடும்போதே ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்கிறார் சப்போர்ட் ஆள். நம்பலாமா?

பழையடிஸ்க்:

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இரண்டு கன்ட்ரோலரும் ஒரே ஃபர்ம்வேர் பிழையில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன. இரண்டு சர்வரும் நன்றாக எழுந்து நின்று ஒரு டிஸ்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. உங்கள் அமைப்பில் ஒற்றை ஆள் அந்தப் பெட்டிதான். கிளஸ்டர் அதைக் காப்பாற்றாது. யாராவது தப்பாக ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிவும் ஒழுங்காக ஃபெயில்ஓவர் ஆகும். உங்கள் பழைய சர்வருக்கு மதர்போர்டு மாற்றியாகிவிட்டதா? அதில் போஸ்ட்கிரெஸ் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நகல்) ஒன்று ஓடட்டும், தனி டிஸ்கில். அழித்த டேபிளை அதுவும் உடனே அழித்துவிடும், அதனால் ராத்திரி பேக்கப் வேறு.

அப்டேட்டை லீவு நாளில், குரூப்பை நிறுத்தி, லன்னை அன்மவுன்ட் செய்துவிட்டுச் செய்யுங்கள். சப்போர்ட் ஆள் சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கு முன்னால் முந்தின ராத்திரி பேக்கப்பை அந்தப் பழைய சர்வரின் ஒரு மூலையில் ரெஸ்டோர் செய்து, ஈஆர்பியிலிருந்து ஒரு டெஸ்பாட்ச் பில்லைத் திறந்து பாருங்கள். திறந்தால் ஆரம்பிக்கலாம்.